எல்லோருக்கும் ஒரே வரி

சீட்டாட்டத்தைப் பற்றி நான் எழுதுவேன் என்று என்னை அறிந்தவர்கள் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. ஆனாலும், அமெரிக்காவில் சியாட்டில் நகரை அடுத்த ஓர் ஊரில் என் தமக்கை வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் மகனோடு ஒரு சீட்டுக் கடைக்குப் போய், மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திராமல் உட்கார்ந்திருந்தேன். அன்று பார்த்த ஒரு சீட்டு இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அது நம் ஊர் ரம்மி அல்ல. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் உருவாக்கி, 1993-ல் வெளிவந்தது. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை ஆட்டக்காரர் தாமே அமைத்துக்கொண்டு வரவேண்டும். நிலச் சீட்டுகள் மாயசக்தியைத் தரும். அந்தச் சக்தியைச் செலவழித்து வீரர்களையும் விலங்குகளையும் பூதங்களையும் களத்தில் இறக்கலாம், மந்திரம் ஏவலாம், கருவிகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் வைக்கலாம். ஆகவே, ஆரம்பத்தில் எல்லோரும் ஏழைகளே.

என் மருமகன் தன் இரண்டாவது முறையில் ஒரு பெண் வீராங்கனையின் சீட்டை இறக்கினான். எதிரே இருந்த இளைஞர் முகம் சுருங்கிவிட்டது. த்ரேபன் என்னும் கற்பனை நகரத்தின் காவலர் அவள், பெயர் தாலியா. (நம்முடைய தாலிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.) 2012-ல் வந்த சீட்டு. அவள் பெரிய பலசாலி அல்ல. அவள் கொண்டுவருவது ஒரு சட்டம்: அவள் களத்தில் நிற்கும் வரையில், உயிருள்ள பாத்திரங்களும் நிலங்களும் தவிர மற்ற எந்தச் சீட்டை இறக்குவதானாலும் ஒரு சக்தி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வரி!

எதிரியின் கட்டு முழுவதும் சின்னச் சின்ன மந்திரங்கள். ஒவ்வொன்றும் ஒரு சக்தி விலை. இப்போது இரண்டு. ஆறு விலையுள்ள சீட்டு ஏழானால் அதை வைத்திருப்பவன் முணுமுணுப்பதோடு சரி. ஒன்று இரண்டானால் பிழைப்பே போய்விடுகிறது. தாலியாவை வீழ்த்த ஒரு சிறு மின்னல் மந்திரம் போதும்; ஆனால் அதற்கும் வரி உண்டு. வரியை எதிர்த்து மனுப் போடுவதற்கும் முத்திரைக் கட்டணம் கேட்பது போல!

"இது அநியாயமில்லையாடா?" என்றேன், ஆட்டம் முடிந்ததும்.

"எப்படி மாமா அநியாயம்? எனக்கும் அதே வரிதானே? நான் மந்திரம் போட்டாலும் ஒண்ணு கூடத்தான் கொடுக்கணும்" என்றான்.

உண்மைதான். ஆனால் அவன் கட்டைப் புரட்டிப் பார்த்தபோது சூட்சுமம் விளங்கிற்று. பெரும்பாலும் வீரர்கள், அவர்களுக்கு வரி கிடையாது. 'ஈதர் வயல்' என்று ஒரு கருவி. வீரர்களை விலையில்லாமலே களத்துக்குக் கொண்டுவருவது. அதன் விலை ஒன்று. அதை முதல் முறையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது முறையில் தாலியாவை இறக்குவதுதான் உத்தி. அதாவது, தனக்கு வேண்டிய சரக்கைக் கொள்முதல் செய்துவிட்டு, மறுநாள் வரியை உயர்த்துவது! போதாததற்கு, எதிரியின் நிலங்களை அழிக்கும் சீட்டுகள் வேறு. வரியையும் போட்டு, வருமானத்தையும் அறுத்துவிடுகிறான். இத்தகைய கட்டுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர், 'சாவும் வரியும்'.

ஆட்டத்தில் இதைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. எதிரியும் விதிகளை அறிந்து, சம்மதித்து உட்கார்ந்தவர். விரும்பினால் அவரும் நாளைக்குத் தாலியாவைக் கட்டில் சேர்க்கலாம். ஆனால் வாழ்க்கையில் நாம் யாரும் கட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து பிறக்கவில்லையே!

"சட்டம் எல்லோருக்கும் பொது" என்று சொல்லும்போது நம் குரலில் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. என் குரலிலும் வந்ததுண்டு. இரவு ஒன்பது மணிக்குமேல் எங்கள் வீட்டில் விளக்கு எரியக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். நானும் அதற்கு உட்பட்டவன்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எட்டே முக்காலுக்கே எனக்குக் கண் சொக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுகிறவன். என் மகளுக்கோ இரவு பத்து மணிக்குமேல்தான் புத்தகத்தில் மனம் லயிக்கும். "அது உங்களுக்குச் சட்டமே இல்லை அப்பா, தூக்கம்" என்று ஒரு நாள் சொன்னாள். அதிகப்பிரசங்கி என்று கோபித்துக்கொண்டேன்.

2016-ல் இதே தாலியாவுக்கு இன்னொரு சீட்டு வந்ததாம். அதில் அவள் இடும் தடை எதிரியை மட்டுமே கட்டுப்படுத்தும். அதைக் கேட்டபோது, அதுவே மேல் என்றுகூட எனக்குத் தோன்றிற்று. அதில் பாசாங்கு இல்லை அல்லவா?

ஆனால் அன்றைய கடைசி ஆட்டம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது. எதிரியின் பூதம் ஒன்று என் மருமகனை நெருக்கிக்கொண்டிருந்தது. அதைக் களத்தை விட்டே அகற்றும் மந்திரம் அவன் கையில் இருந்தது. விலை ஒன்று, வரியோடு இரண்டு. அவனிடம் மிஞ்சியிருந்த நிலம் ஒன்றே ஒன்று. தாலியா அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தோற்றான். "என் வரியே என்னை முடிச்சிட்டது மாமா!" என்று சிரித்தான்.

பொதுச் சட்டத்தின் நியாயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது எல்லோர் மேலும் ஒரே கனமாக அழுத்துவதில்லை. அப்படி அழுத்துகிறது என்பது வெறும் பேச்சு. ஆனால் போட்டவனும் என்றாவது ஒரு நாள் அதில் மாட்டிக்கொள்ளக் கூடும். அந்த அபாயம் இருக்கும் வரையில் அது சட்டம். அந்த அபாயத்தை அடியோடு நீக்கிக்கொண்டு போடுவது, பொதுச் சட்டத்தின் வேஷம் கட்டிய சுயநலம். என் ஒன்பது மணிச் சட்டத்தில் எனக்கு என்ன அபாயம் இருந்தது?

ஊர் திரும்பியதும் மகளைக் கூப்பிட்டு, "என் சட்டத்தை எடுத்துவிட்டேன். இனி வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக நீ ஒரு சட்டம் போடு" என்றேன். அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"காலையில் ஆறு மணிக்கு முன்னால் யாரும் விளக்குப் போடக்கூடாது."

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்க, வழக்கத்தைவிட மூன்று நாள் கூடுதலாயிற்று.