நாமும் நாங்களும்

கால்பந்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாமென்று பட்டது. நம்மில் பலரும் காம்யுவைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக அணியில் இளைஞர் பிரிவுக்குக் கோல்கீப்பராக நின்றவர் அவர். ஒழுக்கத்தைப் பற்றித் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைக் கால்பந்திடம் கற்றதாக எழுதியவர். ஆனால் அந்த வாக்கியத்தில் எனக்கு இடமில்லை. காம்யு ஆடினார். க்ஷயம் வந்து பதினேழு வயதில் ஆட்டம் நின்றது. நான் ஆடியதில்லை, பந்தை உதைத்தால் அது எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. நான் பார்த்தவன். பார்த்தவன் எதைக் கற்றான் என்பதுதான் என் பிரச்னை.

நான் திருநெல்வேலிச் சைவம். 1975 ஜூன் மாதம், இருபத்திரண்டு வயதில், கணக்கு எழுதுகிற வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்து லேக் மார்க்கெட் பக்கம் அறை எடுத்தேன். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, காப்பிக்குக் கஷ்டமில்லை. செப்டம்பர் 30ஆம் தேதி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று அடித்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்றிருந்தவர்களில் பாதிப் பேரின் முகம் கோலுக்குக் கோல் மாறிக்கொண்டு வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் எனக்குப் புரியவில்லை, பாஷையும் புரியவில்லை, முகம் புரிந்தது. அந்தத் தோல்விக்குப் பின் ஒரு மோகன் பகான் ரசிகர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஜன்மத்தில் நல்ல ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பதாக எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று கல்கத்தாவில் இன்றும் சொல்கிறார்கள். நான் மோகன் பகான்காரனாக ஆனது அந்த வாரத்தில். தோற்றவன் பக்கம் நின்றேன் என்று நெடுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. ஒரு மனுஷனைச் சாகடிக்கிற அளவு பெரிய துக்கம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறதே, அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

மேற்கு வங்காளத்துப் பூர்வீகவாசியை அங்கே ‘கோட்டி’ என்பார்கள். கிழக்கிலிருந்து வந்தவன் ‘பாங்கால்’. கோட்டிகளுக்கு மோகன் பகான், பாங்கால்களுக்கு ஈஸ்ட் பெங்கால். எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். இரண்டு அர்த்தத்திலும் நான் தகுதி பெற்றேன் என்பார் மாடிவீட்டுத் தாதா. அவர் பரிசாலிலிருந்து வந்த குடும்பம். 1947க்குப் பிறகு அவர் அப்பா நிலம், குளம், தென்னை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். 1920இல் தொடங்கிய கிளப் ஒன்று, பெயரில் மட்டுமாவது, அந்தக் கிழக்கை வைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குள் ஒரு பந்தயம் நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் நான் அவருக்கு இலிஷ் மீன் வாங்கித் தர வேண்டும். மோகன் பகான் ஜெயித்தால் ஊர் வழக்கப்படி அவர் எனக்குப் பெரிய இறால் வாங்கித் தர வேண்டும். நான் தொடமாட்டேன் என்பதால் அதற்குப் பதில் சந்தேஷ். அவருக்கு ஒவ்வொரு தடவையும் இது நஷ்டமா லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

இனி சொல்ல வேண்டியது 2023-24 பருவத்தைப் பற்றி.

ஆகஸ்ட் 12, 2023. டுராண்ட் கோப்பையில் இரண்டு அணிகளும் சால்ட் லேக் மைதானத்தில் மோதின. நாலு வருஷத்துக்கு மேலாக ஈஸ்ட் பெங்கால் எங்களை ஜெயித்ததில்லை. அறுபதாவது நிமிஷம் நந்தகுமார் சேகர் கோல் போட்டார். சென்னைப் பையன். 1-0. முப்பதாயிரம் முகங்களோ அறுபதாயிரமோ தெரியவில்லை, பாதி மைதானம் எரிவது போல் எழுந்தது. மற்றப் பாதி நாங்கள். அந்தக் கணத்தில் எனக்குள் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்: பந்து வலைக்குள் போனதும், அரை விநாடி, நான் சந்தோஷப்பட்டேன். ‘நம்ம பையன்.’ அப்புறம்தான் துக்கம் வந்து அதை மூடியது. தாதா ராத்திரி போன் செய்து, “உங்க ஊர்ப் பையனுக்கு ஒரு இலிஷ் தனியா வாங்கி வை” என்றார்.

அந்த அரை விநாடி என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது. தமிழில் இதற்கு வசதி இருக்கிறது. கேட்பவனையும் உள்ளடக்கினால் ‘நாம்’, அவனை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. இலக்கணக்காரர்கள் முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறார்கள். வங்காளிக்கு இரண்டுக்கும் ‘ஆம்ரா’ ஒன்றுதான். ‘ஆம்ரா ஜெயித்தோம்’ என்று அவன் கத்துகையில் எதிரே நிற்பவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கோ, வாயைத் திறக்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். ‘நம்ம பையன்’ என்றது யாரை உள்ளே வைத்து? அந்த மைதானத்தில் அதைக் கேட்டிருக்கக் கூடியவர் யாருமில்லை. சென்னையைவிட்டு ஐம்பது வருஷம் விலகி வாழ்ந்த திருநெல்வேலிக்காரன் நான். அந்தப் பையனுக்கும் எனக்கும் பொதுவானது ஒரு பாஷை. மோகன் பகானுக்கும் எனக்கும் பொதுவானது எது? ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறார்கள். 1911இல் வெள்ளைக்காரப் படைப் பிரிவை 2-1 என்று ஜெயித்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். இப்போது ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வருகிறார்கள். 2020இல் கால்பந்துப் பிரிவு வேறொரு கம்பெனி அணியோடு சேர்க்கப்பட்டுப் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் கூச்சலிட்டு, 2023இல் அது போய் வேறு ஒட்டு வந்தது. பச்சையும் மெரூனும் மிச்சம். இரண்டு வர்ணங்களை நேசிப்பதற்கு நான் அன்பு என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 3, அதே கோப்பையின் இறுதியாட்டம், அதே இரண்டு பேர். ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேரோடு ஆடி, பெட்ராடோஸ் 71ஆவது நிமிஷத்தில் போட்ட கோலில் ஜெயித்தோம். திரும்பி வரும்போது மண் குவளையில் இரண்டு டீ, பொட்டலம் ஜால்முரி, வீட்டில் தாதா வாங்கி வைத்திருந்த சந்தேஷ். நவம்பரில் ஒடிஷாவிடம் 2-5. டிசம்பரில் வரிசையாக மூன்று தோல்வி. பயிற்சியாளர் போனார், ஹபாஸ் திரும்பி வந்தார். தோல்வி நாட்களில் எனக்கென்று ஒரு முறை உண்டு: விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பது, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் பதினோரு மணிக்குத் தயிர்ச் சாதம், மறுநாள் பேப்பர் வாங்காமல் இருப்பது, யாரோடும் பேசாமல் இருப்பது. என் மனைவி உயிரோடு இருந்தபோது இதற்கு ‘அனுஷ்டானம்’ என்று பெயர் வைத்திருந்தாள். சரியான பெயர்தான். ஜெயித்த நாள் சந்தேஷைவிடத் தோற்ற நாள் தயிர்ச் சாதத்தில் எனக்கு ருசி அதிகம். இதை எழுபது வயது வரை நான் ஒப்புக்கொண்டதில்லை.

ஜனவரி 19, 2024. புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை. முதலில் நாங்கள்தான் கோல் போட்டோம்; 1-3 என்று தோற்றோம். இரண்டாவது கோல் மறுபடி நந்தகுமார். இந்தத் தடவை அரை விநாடிகூட இல்லை. விளக்கை அணைத்தேன். ராத்திரி தாதாவின் போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் இன்னொரு தரம் அடித்தது. போனை அணைத்து வைத்தேன். மாடிப்படியில் பதினெட்டுப் படிகள். மூன்றாவது நாள் காலை ஏறிப் போனேன். பௌதி கதவைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். தாதா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பெரிய கவர். பயாப்ஸி ரிப்போர்ட் சனிக்கிழமை மத்தியானம் வந்திருக்கிறது.

“முதல் போன் உன்னைக் கேலி பண்ணத்தான்,” என்றார். “இரண்டாவது அதற்கில்லை.”

நான் ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. “இப்போ இலிஷ் நல்லா இருக்காது. ஐஸ்ல வெச்ச மீன் வேண்டாம். மழைக்காலத்துல வாங்கித் தா. கடன் இருக்கட்டும்.”

துக்கத்தைப் பழகிக்கொள்ள விளையாட்டு உதவுகிறது, தோல்வி மனுஷனைப் பக்குவப்படுத்துகிறது என்றெல்லாம் சொல்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன். ஐம்பது வருஷம் தோற்றுப் பழகியவன் நான். எனக்கு அது எதைக் கற்றுக்கொடுத்தது என்றால், பதினெட்டுப் படிக்கு மேலே ஒரு மனுஷன் பயந்துபோய் உட்கார்ந்திருக்கையில் இருட்டில் உட்கார்ந்து தயிர்ச் சாதம் சாப்பிடுவதற்கு. செலவில்லாத துக்கம் செலவுள்ள துக்கத்துக்கு ஒத்திகை இல்லை. அது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சந்தேஷும் டீயும் எந்த அளவுக்குச் சுகமோ அந்த அளவுக்கு இதுவும் சுகம். இனிப்பைச் சுகம் என்று ஒத்துக்கொள்கிறவன் கசப்பை மட்டும் ஒழுக்கம் என்று எண்ணிக்கொள்கிறான். 1975இல் செத்துப்போனவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவருக்கு அது சுகமாக இல்லை, அதனால்தான் செத்தார். 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் தோட்டத்தில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் நெரிசலில் இறந்த பதினாறு பேருக்கும் அது சுகமாக முடியவில்லை. அவர்களுடைய சாவைக் காட்டித்தான் நான் என் மாலை நேரங்களுக்குக் கனம் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரியில் 2-2. மார்ச் 10இல் 3-1 என்று ஜெயித்தோம். ஏப்ரல் 15இல் மும்பையை 2-1 என்று ஜெயித்து, 48 புள்ளிக்கு 47 என்ற கணக்கில் லீக் கேடயம் எங்களுக்கு வந்தது. நான் மைதானத்தில் இருந்தேன். தாதாதான் போகச் சொன்னார். மறுநாள் சந்தேஷ் அவர் பணத்தில் நானே வாங்கி வந்தேன். விரல் நுனியளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா ஆடினீங்க” என்றார். நான் ஆடவில்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. மே 4, ஐ.எஸ்.எல். இறுதியாட்டம், மறுபடி மும்பை, சொந்த மைதானத்தில். டிக்கெட் இருந்தும் போகவில்லை. அவர் அறையில் சத்தத்தை அடக்கி டெலிவிஷனைப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடைவேளைக்குச் சற்று முன்னால் நாங்கள் கோல் போட்டோம். அப்புறம் அவர்கள் மூன்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விடுபட்டுவிட்டேன் என்று ஒரு நிமிஷம் எண்ணினேன். விடுதலை இல்லை, இடம் காலியாக இல்லை, அவ்வளவுதான். மே கடைசியில் தாதா போனார்.

ஆகஸ்ட் 18, 2024 அன்று டுராண்ட் கோப்பையில் இரு அணிகளும் மோதுவதாக இருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால் கல்கத்தாவில் ஓர் இளம் பெண் டாக்டர் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊர் தெருவில் இருந்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டமில்லாத மைதானத்துக்கு இரண்டு கிளப் ரசிகர்களும் வந்தார்கள். பச்சை-மெரூன் சட்டைக்காரன் தோளில் சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரன் உட்கார்ந்து நியாயம் கேட்டுக் கத்தினான். எழுபத்தொரு வயதுக் கால்களோடு ஓரமாக நின்றேன். ‘ஆம்ரா’ என்ற சொல் காதில் விழுந்தபோதெல்லாம் அதை ‘நாம்’ என்று மட்டுமே என்னால் பெயர்க்க முடிந்தது. அந்தச் சொல் என்னை ஒன்றும் இலவசமாக உள்ளே விடவில்லை. வந்தவர்கள் அடிபடவும் தயாராக வந்திருந்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை நன்றாக இருக்கும். ஆனால் அக்டோபர் 19இல் அடுத்த மோதல் வந்தது. 2-0 என்று ஜெயித்தோம். நான் போயிருந்தேன். எதிர்ப்பக்க மாடத்தைப் பார்த்துக் கை நீட்டி, தொண்டை கட்டும்வரை கத்தினேன். ‘நாங்கள்’தான். அதில் எனக்கு வெட்கமில்லை. வெளியே நிற்பதற்கு ஒருவன் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர், அவன் படி இறங்கி வந்து கேலி பண்ணுவான் என்றால்தான் அதற்கு நியாயம். கத்தி முடித்ததும் சந்தேஷ் யார் வாங்குவது என்று ஒரு கணம் குழம்பினேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் லேக் மார்க்கெட்டில் மீன் பக்கம் முதல் தடவையாகப் போய் நின்றேன். இலிஷ் வந்திருந்தது. வெள்ளி மாதிரி இருந்தது. பௌதி இப்போது மீன் தொடுவதில்லை. அவர்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, அவராகவே விட்டுவிட்டார். எடை போடட்டுமா என்று கடைக்காரன் கேட்டான். வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கறிகாய் வாங்கிக்கொண்டு வந்தேன். கடன் இருக்கிறது.