உறுமி உங்க காலைப் பார்க்குது!



எங்களோட பாதயாத்திரை வர்ற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, காவடிப் பாட்டை ஹெட்போன்ல கேட்டா அவ்வளவு துல்லியமா இருக்கு. ஆனா உடம்பு சிலிர்க்கிறது கோயில் வாசல்ல கேட்கும்போதுதான். ஏன்?" நல்ல கேள்வி.

ஸ்டூடியோவில என்ன நடக்குதுன்னு முதல்ல பாருங்க. தவிலுக்கு ரெண்டு முகம். வலந்தலையில விரல்ல கூடு மாட்டின கை பேசும், தொப்பியில கழி பேசும். ரெண்டுக்கும் பக்கத்துலயே தனித்தனி மைக் வைப்பாங்க. எதிரொலி வராம சுவரெல்லாம் பஞ்சு. பல நேரம் நாகஸ்வரம் வேற ஒரு நாள் தனியா பதிவாகும். வாசிக்கிறவர் காதுல 'டிக் டிக்'னு கிளிக் சத்தம் ஓடும், அதை விட்டு அவர் விலகக் கூடாது. கடைசியில ஓங்கின அடியை கம்ப்ரஸர் அமுக்கிடும், மெல்லின அடி மேல வந்துடும். ஒவ்வொரு சொல்லும் தெளிவா கேட்கும். ஆனா ஏற்ற இறக்கம் குறைஞ்சிடும்.

வீதியில அப்படி இல்லை. அடிச்ச அடி கல் மண்டபத்துல மோதித் திரும்பி வரும். உறுமியில ஒரு பக்கம் அடி, இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சியால தேய்ப்பு. அந்த முனகல் காதுக்கு மட்டும் இல்லை, அடிவயித்துக்கே வரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஃபோனோட குட்டி ஸ்பீக்கரால கொடுக்க முடியாது. நாம ஃபோன்ல பிடிச்ச வீடியோவிலயும் பெரிய அடியெல்லாம் பிசிறிப் போகுது.

ஆனா பெரிய வித்தியாசம் சத்தத்துல இல்லை. பழனி போற வழியில நான் பார்த்தது இது. பால்குடம் எடுத்த ஒரு அம்மாவுக்குக் கால் தளர்ந்தது. உறுமிக்காரர் யார்கிட்டயும் கேட்கலை. வேகத்தைக் குறைச்சு, அந்த அம்மா அடி எடுத்து வைக்க வைக்கத் தானும் அடிச்சார். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினார். அந்த அம்மாவும் நடந்தாங்க! ஸ்டூடியோவில கலைஞர் கிளிக்கைக் கேட்டு வாசிக்கிறார். வீதியில அடியாரோட காலைப் பார்த்து வாசிக்கிறார்.

பதிவு கூடாதுன்னு சொல்லலை. மலையேற முடியாத பாட்டிக்கு அதுதான் சந்நிதி. தாளம் கத்துக்கிற பிள்ளைக்கு அதுதான் குரு. அருணகிரிநாதர் திருப்புகழோட சந்தம் நாக்குல ஏறணும்னா நிறுத்தி நிறுத்தி நூறு தடவை கேளுங்க.

ஆனா காவடிக்கு மேளம் வேண்டாம், ஸ்பீக்கர் போதும்னு சில குழுக்கள் முடிவெடுக்கிறாங்க. செலவு மிச்சம்தான். ஆனா காவடி தூக்கினவர் தடுமாறினா ஸ்பீக்கருக்குத் தெரியுமா? தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிக் கிருத்திகைன்னு நாள் எண்ணிக் காத்திருக்கிற கலைஞர் வீட்டு அடுப்பும் அதுல இருக்கு. அவர் கையையும் முருகன்தானே கொடுத்தான்?

வழிபாடும் இப்படித்தான் தம்பி தங்கைகளே. மூச்சு வாங்கட்டும், குரல் உடையட்டும், தாளம் தப்பட்டும். எடிட் பண்ணாத நம்மளைத்தான் அவன் வரச் சொல்றான். நாம தளர்ந்தா அவனும் வேகத்தைக் குறைச்சுக் கூட நடப்பான்.

அடுத்த திருவிழாவுல ஒரு அஞ்சு நிமிஷம் ஃபோனைப் பையில வச்சுட்டு மேளத்துக்குப் பக்கத்துல நில்லுங்க. முடிஞ்சதும் கலைஞரைக் கும்பிட்டு, கையில இருக்கிறதைக் கொடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚