சத்தம் இல்லை என்று அறிவது எப்படி?

சத்தம் இல்லை என்பதை அறிவது எந்தப் புலன்? காதுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் காதில் வந்து மோதுவது சத்தம் மட்டுமே. சத்தமின்மை எங்கிருந்தும் வந்து மோதுவதில்லை. இந்திய மெய்யியலில் இது தீராத பழைய வழக்கு. 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டர், இன்மையை அறியத் தனி அளவையே (அறிவு பெறும் வழியே) வேண்டும் என்றார். மீமாம்சையின் மறுகிளையைச் சேர்ந்த பிரபாகரர் அதை ஏற்கவில்லை. நியாய நெறியினரான நையாயிகர் இன்மையறிவைக் காட்சியில் அடக்கினர். பௌத்தரான தர்மகீர்த்தி அனுமானத்தில் சேர்த்தார். தமிழில் மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையும், 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும் பத்து அளவைகளை எண்ணும்போது அபாவம் எனப்படும் இன்மைக்கும் ஓர் இடம் தருகின்றன. (சித்தியார் பிறகு பத்தையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறது.)

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஞாயிறு ஆராதனைக்கோ திருவிழா மேடைக்கோ கிட்டாரைக் கொண்டுவந்து மாட்டும்போது இந்த வழக்கு திரும்பவும் எழும். அம்ப்ளிஃபையரில் சிவப்பு லைட் எரிகிறது. கம்பியைத் தட்டினால் ஒன்றுமில்லை. "அம்ப் போச்சு" என்று உடனே ஒரு குரல் வரும். கேட்கவில்லை என்பதிலிருந்து சத்தம் உண்டாகவில்லை என்பதற்கும், அங்கிருந்து பெட்டி பழுது என்பதற்குமாக, ஒரே மூச்சில் இரண்டு தாவல்.

தர்மகீர்த்தி இங்கே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இருந்திருந்தால் தெரிந்தே ஆகவேண்டிய பொருள் தெரியாதபோதுதான் அதை இல்லை எனலாம். வெளிச்சமான அறையில் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் அப்படிச் சொல்ல முடியாது. பழுது பார்ப்பவரும் முதலில் அந்த வெளிச்சத்தைத்தான் தேடவேண்டும். நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வயரை அம்ப்ளிஃபையரில் மாட்டி, வொலியூமைச் சற்றே ஏற்றி, வயரின் மறுமுனையிலுள்ள ஜாக் நுனியை விரலால் தொடுவார்கள். (மூன்று முள் பிளக்கில் எர்த் சரியாக இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம்; பழைய லயத்து வயரிங்கை நம்பக்கூடாது.) சுற்றிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயலை உடம்பு வாங்கிக் கொடுக்கும். உயிருள்ள பெட்டி உறுமியே ஆகவேண்டும். உறுமினால் பழுது கிட்டாரிலோ அதன் பழைய வயரிலோ இருக்கிறது. உறுமாவிட்டால்தான் அந்த மௌனம் முதல்முறையாகச் சாட்சி சொல்லத் தகுதி பெறுகிறது.

ஸ்பீக்கருக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. அதன் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பற்றரியை இரு முனைகளிலும் ஒரு கணம் தொட வைத்தால் கூம்பு "டப்" என்று அசையும். அசைந்தால் ஸ்பீக்கரின் சுருள் அறுந்துபோகவில்லை.

ஒவ்வொன்றாகக் கழித்து மிச்சமிருப்பதைப் பிடிக்கும் வழிக்குச் சித்தியார் ஒழிபு என்று பெயர் சொல்கிறது. மணிமேகலை மீட்சி என்கிறது. மணிமேகலை தரும் எடுத்துக்காட்டு, இராமன் வென்றான் என்றதும் இராவணன் தோற்றான் என்று அறிவது. அது எளிது, ஏனென்றால் போரில் எதிர்நின்றவர் இருவர்தான். அம்ப்ளிஃபையரில் அந்த வசதி இல்லை. ஹெட்ஃபோன் துளையின் உள்தகடு விலகியபடியே சிக்கிக்கொண்டால் ஸ்பீக்கர் ஊமையாகும். பின்புறத்து எஃபெக்ட்ஸ் லூப் துளைகளின் தகடுகளில் மலைநாட்டு ஈரம் படிந்து களிம்பு ஏறினாலும் அதே கதிதான். சென்ட், ரிட்டர்ன் எனும் அவ்விரு துளைகளையும் ஒரு குட்டை வயரால் இணைத்தால் சத்தம் திரும்பிவிடும். பனி இறங்கும் ஊரில் இந்தக் களிம்பையே முதலில் சந்தேகிப்பது நியாயம். பட்டியல் முழுமையாக இல்லாத இடத்தில் ஒழிபு தப்பான ஆளைப் பிடித்துக் கொடுக்கும்.

இரண்டு பழுது ஒன்றாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கிட்டாரின் ஜாக் கழன்றிருக்கிறது, வயரும் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயரை மாற்றிப் பார்த்துவிட்டுப் பழைய வயரையே திரும்ப மாட்டுகிறார்கள். அடுத்து கிட்டாரை மாற்றுகிறார்கள். இரண்டு முறையும் சத்தம் இல்லை. குற்றமற்ற பெட்டிமேல் பழி விழுகிறது. பிறகு யாராவது ஸ்குரூ டிரைவரோடு அதைத் திறப்பார்கள். வால்வு வகைப் பெட்டியானால் பிளக்கைக் கழற்றிய பின்னும் கெபாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். தர்க்கப் பிழை உயிரோடு விளையாடும் இடம் அது.

தர்மகீர்த்தி வைத்த அதே நிபந்தனையைக் கடவுள் வழக்கிலும் பார்க்கலாம். காணப்படாதது இல்லை என்பது உலகாயதர் வாதம். நையாயிகரான உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில் இதற்குச் சொன்ன மறுப்பு, ஈசுவரன் புலனுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய பொருள் அல்ல என்பது. அப்படியானால் முயற்கொம்பையும் இல்லை என்று சொல்ல முடியாதே என்றால், முயலின் தலை கண்முன் இருக்கிறது, கொம்பு இருந்தால் தெரிந்திருக்கும் என்பதே விடை. ஆனால் இந்த மறுப்பு தடுப்பது அவசர மறுதலிப்பை மட்டுமே. கடவுள் உண்டு என்பதை அது நிறுவவில்லை. பிரார்த்தனைக்குப் பதில் வராதபோது, பதில் வந்தே ஆகவேண்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் விரல் சோதனை எதுவும் கையில் இல்லை. தடை கேட்பவரிடத்தில் இருக்கிறது, ஆணவ மலம் மறைக்கிறது என்கிறது சைவ சித்தாந்தம். அந்த முடிவுக்குப் பிடிமானம் ஆகமம் என்ற உரை அளவை. மௌனத்திலிருந்து பெறப்பட்டதல்ல அது.