பணம் கட்டிவிட்டால் வாக்குத் தீர்ந்ததா?



சென்ற வாரம் நம் பங்கைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர் கோயில் பங்களாவுக்கு வந்தார். அவர் மகள் வைத்தியப் படிப்பை முடித்துவிட்டாள். கல்லூரியில் சேரும்போதே, இரண்டாண்டு கிராமத்து ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்வதாகப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறாள். தவறினால் ஒரு தொகை கட்ட வேண்டும். "கடன்பட்டாவது கட்டிவிடுகிறேன், சாமி. இதில் பாவம் உண்டா?" என்று கேட்டார். உங்களில் பலருக்கும் வரக்கூடிய கேள்வியாகையால், அவர் சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன்.

சில சட்டங்கள் அபராதத்தை மட்டுமே கருதியவை. அபராதம் செலுத்தியவன் மனச்சாட்சியில் குற்றவாளியல்ல என்று ஒழுக்க சாஸ்திரிகளில் சிலர் போதித்ததுண்டு. குருமடத்தில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆகவே சட்டத்தின் முன் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெண் வாக்களித்தது பணத்தை அல்லவே!

இந்த ஒப்பந்தங்கள் ஏன் உண்டாயின? சகோதரி மேரி க்ளோரி என்ற ஆஸ்திரேலிய வைத்தியர் 1920-ல் நம் எல்லைக்கு வடக்கே குண்டூருக்கு வந்தார். அக்காலத்தில் கன்னியர் வைத்தியத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டம் தடையாயிருந்தது. பாப்பரசரின் விசேஷ உத்தரவு பெற்றே செய்தார். 1936-ல்தான் உரோமாபுரி எல்லாக் கன்னியர்க்கும் வழி திறந்தது. இந்நாட்டில் கத்தோலிக்க வைத்தியக் கல்லூரி வேண்டுமென்று அவர் ஆசித்தார். 1957-ல் மரித்தார், பெங்களூரில் அர்ச். அருளப்பர் கல்லூரி தொடங்கியது 1963-ல். நம் பிரிந்த சகோதரரிடையே, ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கினார். சபைகள் அனுப்பி அங்கே படிப்பவர்கள் இன்றும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் இரண்டாண்டு உழைக்கிறார்கள். ஆளில்லாத இடத்தில் ஆள் நிற்பதற்காகவே அந்த இடம் அவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது.

"நல்ல சமாரியனும் சத்திரக்காரனிடம் காசைக் கொடுத்துவிட்டுப் போனானே!" என்று ஒருவர் சொல்லலாம். போனான், மெய்தான். ஆனால் தன் கையால் காயம் கட்டிய பிறகே போனான். அவன் கொடுத்த இரண்டு பணத்தால் காயப்பட்டவன் பக்கத்தில் ஒருவன் இருந்தான். கஜானாவில் சேரும் அபராதமோ பிரசவ வேதனைப்படுகிறவளின் பக்கத்தில் ஒருவரையும் நிறுத்துவதில்லை.

எனினும் பழியெல்லாம் அந்தப் பெண்மேல் சுமத்த எனக்கு மனமில்லை. 2022-ல் திருவள்ளூரில் அரசு வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது, நல்லதே. ஆனால் கல்லூரி எழும்பினால் மட்டும் கிராமத்துக்கு வைத்தியர் வந்துவிடுவாரா? வந்தவருக்கு ஒழுகாத வீடு உண்டா? இரவில் துணைக்கு நர்ஸ் உண்டா? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளியைக் கொண்டு வந்தால், கருவிகள் இல்லாமல் அவர் என்ன செய்வார்? நாமோ லேசான காய்ச்சலுக்கும் அவரைத் தாண்டிச் சென்னைக்கு ரயிலேறுகிறோம். அரசு ஊழியத்திலிருக்கும் வைத்தியர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரமுண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபராதத்தைவிட இவ்வழி மேலென்பது என் அபிப்பிராயம்.

தகப்பனாரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "உமது மகள் என்ன சொல்கிறாள்?" அவர் சற்று மௌனமாயிருந்தார். அவளை அவர் கேட்கவேயில்லை. ஞாயிறன்று இரண்டாம் பூசைக்குப் பின் அவளை அழைத்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.