முதலில் எதை விடுவது?

நான் படித்த தமிழ்ப்பள்ளியில் இப்போது மாணவர் எண்ணிக்கை நூறுக்கும் குறைவு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூப்பிட்டால் போய் உதவுவேன். அப்படித்தான் போன முறை திட்டக் கூட்டத்திலும் போய் உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டு பள்ளி எதற்கு முதன்மை கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. ரோபோட்டிக்ஸ், ஆங்கிலப் பேச்சு, பூப்பந்து, வாசிப்பு, மலாய், திருமுறை என்று வெண்பலகையில் பதினொன்று ஏறிவிட்டது. (இருமொழிப் பாடத்திட்டத்துக்கு மட்டும் அரை மணி நேரம் சண்டை. அதை எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.) கடைசியில் தலைமையாசிரியர், "ஐயா, இருக்கிற ஆசிரியர்களை வச்சு மூனுதான் உருப்படியா செய்ய முடியும். எந்த மூனுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

பாடத்திட்டம் புத்ராஜெயாவில் முடிவாகிறது, இதில் நாம முடிவு பண்ண என்ன இருக்குன்னு கேட்கலாம். என்ன கற்பிக்க வேண்டும் என்பதை கே.எஸ்.எஸ்.ஆர். சொல்லிவிடுகிறது, உண்மைதான். ஆனால் பள்ளி முடிந்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம் யாருக்கு, சங்கத்துப் பணம் பஸ் வாடகைக்கா புத்தகத்துக்கா, எந்த ஆசிரியர் போட்டிக்குப் பயிற்சி கொடுப்பார், எவர் குறைநீக்கல் நடவடிக்கையைப் பார்ப்பார் என்பதெல்லாம் அந்த அறையில் முடிவாகிறது. 1988-இலிருந்து இருந்த யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்டது. அது இருந்தவரை யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டு, ஏழு 'ஏ', பிறகு எட்டு 'ஏ', அவ்வளவுதான். இப்போது பழியைப் போட ஒரு தேர்வு இல்லை. அந்த இடத்தில் பல பள்ளிகளில் கோப்பைகள் வந்து உட்கார்ந்துவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் திருமுறைக்காகப் பேசினேன். முஸ்லிம் மாணவர்களுக்குப் பாட அட்டவணையிலேயே சமயக் கல்வி இருக்கிறது. நம்ம பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்விதான். சமயம் வேண்டும் என்றால் பள்ளி நேரத்துக்கு வெளியேதான். வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள், எங்கள் இயக்கத்துப் பிள்ளைகள் வந்து வகுப்பு நடத்துவார்கள், திருமுறை ஓதும் போட்டிக்கும் தயார் செய்வார்கள் என்றேன். சொன்னது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் ஆண்டு டீச்சர் கையைத் தூக்கினார். "என் வகுப்புல பன்னிரண்டு பேரு. நாலு பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வரல. நீங்க சொல்லிக் கொடுத்தா காதால கேட்டே பதிகத்தைப் பாடிருவாங்க தம்பி, போட்டியில ஜெயிக்கவும் செய்வாங்க. ஆனா புத்தகத்தைக் கையில கொடுத்தா முழிப்பாங்க. அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுங்களேன்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை நம் பள்ளியில் தமிழ்ப் பாடத்தை மட்டும் இழப்பதில்லை. கணிதத்திலே ஒரு கேள்வியைப் படிக்க முடியாது, அறிவியல் புத்தகத்திலே ஒரு பக்கம் நகராது.

வீட்டுக்கு வரும் வழியில் என்னையே கேட்டுக்கொண்டேன்: அந்த வகுப்பு பிள்ளைகளுக்காக மட்டுந்தானா? ஆண்டறிக்கையில் 'தமிழ்ப்பள்ளியில் வாராந்திரச் சமய வகுப்பு' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு படம். அதுவும் மனசில் இருந்தது, மறைக்கவில்லை. முகாமில் பலன் கருதாத கர்மத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். வெளியே வந்தால் எத்தனை கோப்பை என்று எண்ணுகிறோம். திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தின் முதல் குறளில், ஆவதைச் சொல்வதற்கு முன்பே அழிவதை எண்ணச் சொல்கிறார் வள்ளுவர். எங்கள் வெண்பலகையில் அழிவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பதினொன்றும் வரவுதான்.

நண்பன் ஒருவனிடம் சொன்னபோது அவன் சண்டைக்கு வந்தான். "அப்போ நல்லா படிக்கிற பிள்ளை என்னடா பாவம் பண்ணுச்சு?" அவன் கேட்டதில் ஞாயம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி இருக்கிறாள், ரோபோட்டிக்ஸில் கெட்டிக்காரி. அப்பா லாரி ஓட்டுகிறார். காசு கொடுத்து வெளியே வகுப்புக்கு அனுப்பும் வீடு இல்லை, பள்ளி விட்டால் வேறு வழி கிடையாது. நான் போட்ட கணக்கு இதுதான்: அவளுக்கு ஒரு போட்டி போனால் ஒரு போட்டி போகும். மூன்றாம் ஆண்டில் வாசிக்கத் தெரியாதவனுக்கு அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாடமும் போகும். ஆகவே அவன் முதலில். இந்தக் கணக்கை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் எனக்குத் துணிச்சல் இல்லை.

கடைசியில் வாசிப்பு முதலிடம். மலாய் இரண்டாவது, ஏனென்றால் அதில் பின்தங்கினால் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாக உட்கார வேண்டும். மூன்றாவதாக ரோபோட்டிக்ஸ் நின்றது, ஒரு போட்டிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. திருமுறை விடுபட்டது. அதை விட்டுக்கொடுத்தவன் நான்தான் என்று இயக்கத்தில் இன்னும் இரண்டு பேர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

புதன்கிழமைகளில் நாங்கள் போகிறோம், வாசிக்கச் சொல்லிக் கொடுக்க. கடைசிப் பத்து நிமிடம் ஒரு பதிகம், புத்தகத்தைப் பார்த்து, விரலை வைத்து. நாலு பேரில் இரண்டு பேர் தேறிவிட்டார்கள். ஒருத்தன் இன்னும் கொம்பையும் காலையும் பார்த்தால் தடுமாறுகிறான். ஒரு பிள்ளை பள்ளி மாறிப் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த நாலு பேருடைய பெற்றோரில் ஒருவர்கூட அன்றைக்குக் கூட்டத்தில் இல்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, வர முடியாது. அவர்கள் பிள்ளைக்கு எது முதலில் என்று பேசி முடித்தது நேரம் கிடைத்த நாங்கள். அடுத்த திட்டக் கூட்டத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறோம். தோட்டத்துப் பாதை கொஞ்சம் மோசம். மோட்டார் வைத்திருப்பவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.