எந்தக் கோழியை வாங்குவது?

கோழி வாங்குவதில் என்ன ஒழுக்கநெறி இருக்கிறது என்று சிலர் சிரிக்கக்கூடும். எடை சரிதானா, விலை கட்டுமா என்று பார்த்து வாங்கிவந்து, மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைப்பதோடு முடிந்துவிடும் காரியமல்லவா? முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. இன்றோ குளிர்ப்பெட்டிக்குள் கிடக்கும் கோழிக்கும் நற்சான்றுப் பத்திரம் ஒட்டியிருக்கிறது. ஹலால் என்கிறது ஒன்று. மருந்து கலவாத தீனி தின்றது என்கிறது மற்றொன்று. திறந்த வெளியில் மேய்ந்தது என்கிறது இன்னொன்று. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குக் கோஷர், சேதனமுறை என்ற சொற்களும் பழகிவிட்டன. இவற்றில் எதை வாங்கினால் மனச்சான்றுக்குக் குற்றமில்லை என்று உண்மையாகவே கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மதத்தைத் தொட்ட இரண்டையும் முதலில் பார்ப்போம். கோஷர் என்பது யூதர்களின் முறை. இரத்தத்தை உண்ணலாகாது என்பது பழைய ஏற்பாட்டுச் சட்டம். ஆகவே பயிற்சி பெற்ற ஒருவர், பிசிறில்லாத கூரிய கத்தியால் கழுத்தை அறுத்து, இரத்தத்தை வடியவிட்டு, இறைச்சியை நீரில் ஊறவைத்து உப்பிட்டு, மிஞ்சிய இரத்தத்தையும் போக்குவர். ஆண்டவரும் திருக்குடும்பத்தாரும் நாசரேத்தூரில் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட உணவையே உண்டார்கள் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஹலால் என்பது இஸ்லாமியரின் முறை. இறைவன் பெயரைச் சொல்லி அறுத்து இரத்தத்தை வடியவிடுவது.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் முஸ்லிம் கடைகளில் கோழி வாங்கி உண்ட நம் மக்கள் அதைப்பற்றி யோசித்ததே இல்லை. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொதுபல சேனா என்ற அமைப்பு ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தியபோதுதான் அந்த யோசனை புகுந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், உள்ளூர்ச் சந்தைக்கு ஹலால் சான்றிதழ் வழங்குவதை நிறுத்திக்கொள்வதாக அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. சான்றிதழ் பிற்காலத்தில் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் மீண்டும் வந்தது. ஆனால், பிறமதத்தார் மந்திரம் சொல்லி அறுத்ததை நாம் உண்ணலாமா என்ற சந்தேகம் சில உள்ளங்களில் தங்கிவிட்டது.

உண்ணலாம். இதில் மயக்கத்துக்கு இடமே இல்லை. முஸ்லிம்கள் ஒரே இறைவனை ஆராதிப்பவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே கூறிவிட்டது. அது சிலைக்குப் படைத்த இறைச்சியும் அன்று. படைத்ததாகவே இருந்தால்கூட, கொரிந்து நகர்ச் சபைக்குப் புனித சின்னப்பர் எழுதியதை எடுத்துப் பாருங்கள். அந்த நகரத்துச் சந்தை இறைச்சியில் கோயில் பலியிலிருந்து வந்ததும் கலந்திருந்தது. அதை வாங்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சந்தையில் விற்பதைத் துருவித் துருவிக் கேளாமல் வாங்கி உண்ணுங்கள் என்கிறார். கூடவே வேறொன்றும் சொல்கிறார். நான் உண்பதனால் பலவீனமான ஒரு சகோதரன் இடறி விழுவானாகில், நான் இறைச்சியே தொடமாட்டேன் என்கிறார். இறைச்சி சுத்தமா அசுத்தமா என்ற கேள்வியோடு நில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனையும் அவர் பார்க்கிறார்.

இந்தப் போதனை ஹலால் கடையைவிட நம் தோட்டங்களுக்கே நன்றாகப் பொருந்தும். தேயிலை கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுக்கும் வழக்கத்தை மலையகத்தார் அறிவார்கள். அறுத்த கறி தொழிலாளருக்குள் பங்காகும். கத்தோலிக்கத் தொழிலாளிக்கும் ஒரு பங்கு வரும். அவர் என்ன செய்வது? வழிபாட்டில் கலந்துகொள்ள அவருக்கு இயலாது. பானையில் வெந்த கறியோ வெறும் கறிதான். ஆனால் 'இது சாமிக்குப் படைத்தது' என்று சொல்லிக் கொடுத்தால், சொல்பவருடைய மனச்சான்றை முன்னிட்டு உண்ணாதிருங்கள் என்பது சின்னப்பரின் அறிவுரை. மறுக்கும்போது முகத்தைச் சுளிக்கச் சொல்லி அவர் எங்கும் எழுதவில்லை. நம்மவர் சிலர் அதையும் விசுவாசத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனி, அறுக்கும் முறையை விட்டு வளர்க்கும் முறைக்கு வருவோம். புரொய்லர் கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. நாட்டுக்கோழி அதில் பாதியைத் தாண்டுவதற்கே ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள், அதைத் தின்றுதான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவர்களாகிறார்கள் என்று நம் பெண்கள் பேசிக்கொள்வதுண்டு. அது உண்மையன்று. வேகமாக வளரும் இனங்களைப் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதும், சத்துத் தீனியுமே அந்த வளர்ச்சிக்குக் காரணம். ஹோர்மோன் ஊசி போடுவதில்லை. நோய்க்கிருமி மருந்தைத் தீனியில் கலப்பதுதான் உண்மையான கவலை. வளர்ச்சிக்காக அப்படிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடைசெய்தது.

ஊசி இல்லை என்பதால் அந்தப் பறவையின் பாடு லேசானது என்று ஆகிவிடாது. ஒரு கோழிக்குச் சுமார் ஒரு சதுர அடி இடம். மார்புச்சதை விரைவாகப் பெருத்து, அந்தப் பாரத்தைக் கால் தாங்காமல் நொண்டுவதும் உண்டு. மண்ணைக் கிளறவும் புழுதியில் புரளவும் படைக்கப்பட்ட உயிர் அது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், உணவுக்காக விலங்கைப் பயன்படுத்துவது முறையே என்கிறது. தேவையின்றி அதைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்றும் சொல்கிறது. அந்த இடத்திலேயே, மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்று சேர்த்துக்கொள்கிறது. இரண்டையும் ஒருசேரப் படிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுவதில் பயனில்லை.

திறந்தவெளிக் கோழி என்ற பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. ஐரோப்பாவில் அந்தப் பெயரை இட வேண்டுமானால் ஒரு கோழிக்கு ஒரு சதுர மீற்றராவது வெளி நிலம் இருக்க வேண்டும். அமெரிக்காவிலோ வெளியே போக வழி விட்டிருந்தாலே போதுமென்று ஒப்புக்கொள்கிறார்கள். அந்த வழியாகக் கோழி போயிற்றா என்று யார் கண்டது?

சேதனமுறை என்ற சொல் நமக்குக் கசப்பான அனுபவம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியதையும், தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டையும், நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. மண்ணைக் காப்பது நல்ல காரியம். நல்ல காரியத்தின் செலவை ஏழை உழவன் தலையில் ஒரே நாளில் ஏற்றியதுதான் பிழை. அது கோழிக்கூடு வரைக்கும் வந்தது. சோள விளைச்சல் குறைந்தது, வெளிநாட்டுச் செலாவணியும் இல்லை, தீனி கிடைக்கவில்லை. 2022இல் ஒரு கிலோ கோழி இறைச்சி ஆயிரம் ரூபாவைத் தாண்டியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. பகல் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு கிலோ கோழி எட்டவில்லை. (இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குக் கோழி எருவைத்தான் மூட்டை மூட்டையாக இடுகிறார்கள். கொட்டில் கோழி இல்லாவிட்டால் அந்த எருவுக்கு எங்கே போவது?)

2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். லயத்துக் காம்பராவில் மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய், சம்பள நாளன்று மலிவான புரொய்லர் கோழியில் அரைக் கிலோ வாங்கிச் செல்கிறாள். கோழி எப்படி வளர்ந்தது என்று அவளைக் கேட்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. அவள் செய்வது நல்ல காரியம். அதற்காக அவள் சங்கடப்பட வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், தெரிந்தெடுக்கக் கையில் பணம் உள்ளவர்கள். மாதச் சம்பளக்காரர், கொழும்பில் கடை வைத்திருப்பவர், வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டார். வாரத்தில் நான்கு நாள் கோழி உண்பவர் இரண்டு நாளாகக் குறைத்து, மிஞ்சிய பணத்தில் நல்ல முறையில் வளர்ந்த பறவையை வாங்கலாம். நத்தாருக்கு அயல் வீடுகளுக்கும் கறி அனுப்புகிறவர் ஹலால் கோழியாகவே வாங்கினால், முஸ்லிம் குடும்பத்துக்கும் தயக்கமின்றி ஒரு கிண்ணம் போகும். இவற்றுக்குப் பெரிய தியாகம் ஒன்றும் தேவையில்லை.

நல்ல முறையில் வளர்ந்த பறவைக்கு எங்கே போவது என்றால், லயத்துக்குப் பின்னால் போங்கள். அங்கேயும் எல்லாம் சுமுகமல்ல. மேயவிட்ட கோழி பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டு, இரண்டு குடும்பம் பேசாமலிருப்பதும் நடக்கிறது. கோழிக்குக் கொடுத்த சுதந்திரத்தின் செலவை அடுத்த வீட்டுக்காரர் கட்டுவது நியாயமா? நாலு முழம் வலை அடித்துக் கொடுத்தால் தீரும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய கடையில் 'திறந்தவெளி' என்று அச்சிட்ட பொதிக்கு, ஒட்டிய விலையை வாய் திறவாமல் எண்ணிக் கொடுக்கிறோம். அதே நாட்டுக்கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்து அம்மா சந்தை ஓரத்தில் நின்றால், நூறு ரூபா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுகிறோம். அவர் கேட்கும் விலைக்குள் ஐந்து மாதத் தீனி இருக்கிறது. பருந்துக்கும் கீரிக்கும் போன குஞ்சுகள் இருக்கின்றன. வெள்ளைக்கழிச்சலில் ஒரே இரவில் செத்த பத்துக் கோழிகளும், சந்தைக்கு வருவதற்காக அன்று அவர் விட்ட ஒரு பேரும் இருக்கின்றன.