குளிரைக் காக்கும் போர்வை

மூடாக்கு என்றதும் நமக்கு வெயில்தான் ஞாபகம் வரும். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பரவலாக்கிய சொற்களில் அதுவும் ஒன்று. வைக்கோல், சருகு, கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் மண்ணை மூடி வை. ஈரம் போகாது, மண்ணுக்குள் இருக்கிற உயிர்கள் வெந்து சாகாது. நான் இருக்கிற மின்னசோட்டாவிலும் வீட்டு முன்னால் இருக்கும் பாத்திகளுக்கு மூடாக்கு போடுகிறார்கள். கோடையில் போடுவதற்குக் காரணம் அதேதான். குளிர்காலத்துக்கென்று தனியாக ஒன்று போடுவார்கள். அது எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர், "செடிக்குக் குளிராம இருக்கத்தான்" என்பார்கள். உண்மை கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் இருக்கிறது. உறைந்த மண் உறைந்தபடியே இருக்கட்டும் என்றுதான் அந்த மூடாக்கு.

அதனால்தான் அக்டோபரில் முதல் குளிர் அடித்தவுடன் ஓடிப்போய்ப் போடக் கூடாது. மண் உறையத் தொடங்கும்வரை, பல வருஷங்களில் நவம்பர் பின்பாதிவரை, காத்திருக்க வேண்டும். முன்னாடியே மூடினால் மண் கதகதப்பாகவே இருக்கும், செடி தூங்கப் போகாது. வயலெலிகளும் நல்ல இடம் கிடைத்தது என்று குடியேறிவிடும்.

இங்கே காலங்காலமாக வாழும் செடிகளுக்குக் குளிர் பழக்கம்தான். இலையை உதிர்த்து, சத்தை வேரில் சேமித்து, அவை தம் பாட்டுக்கு உறங்கப் போய்விடும். ஆபத்து, குளிர்காலத்தின் நடுவே வரும் நல்ல நாட்களில் இருக்கிறது. நாலு நாள் வெயில் அடிக்கும். பனி உருகி மேல்மண் இளகும். ராத்திரி மறுபடியும் இறுகும். இப்படி மாறி மாறி நடக்கும்போது மண் செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. தண்ணீர் உறைந்தால் விரியும் என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர், 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை ஊற்றி மண்ணை உறைய வைத்துப் பார்த்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். அப்போதும் மண் மேலெழும்பியது. உறைகிற இடம் கீழிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து அடுக்கடுக்காகக் கட்டியாக்குகிறது. அந்த அடுக்குகள்தான் மேலே இருப்பதைத் தூக்குகின்றன. மினியாபொலிஸில் வீட்டு அஸ்திவாரத்தையே 42 அங்குல ஆழத்துக்கு இறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டுக்கே இந்தக் கதி என்றால், போன இலையுதிர் காலத்தில் நட்ட ஸ்ட்ராபெர்ரிக்கு என்ன பிடிமானம் இருக்கும்? வசந்தத்தில் போய்ப் பார்த்தால் வேர் வெளியே தெரிய, காற்றில் காய்ந்து கிடக்கும். குளிர் அதைக் கொல்லவில்லை. விட்டு விட்டு வந்த வெதுவெதுப்புதான் கொன்றது.

செடியைக் காட்டி மனுஷனுக்குப் பாடம் எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தைப் படித்ததிலிருந்து அக்கறை என்ற சொல் எனக்குள் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது.

என் தோழி ஒருத்திக்கு ஊரில் அப்பா இறந்துவிட்டார். விசா சிக்கல், அவளால் போக முடியவில்லை. முதல் ரெண்டு வாரம் அவள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. முறை போட்டுச் சாப்பாடு வந்தது, ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்கள், சிரிக்க வைத்தார்கள். அப்புறம் மூணு வாரம் யாருமில்லை. யாருக்கோ நினைவு வந்து மறுபடி ஒரு கூட்டம். அவள் ஒருநாள் சொன்னாள்: "நீங்கல்லாம் வர்றப்போ நல்லாத்தான் இருக்கு. போனதுக்கப்புறம் முதல் நாள்லேருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு." அதே கட்டடத்தில் இருக்கிற ஓர் அக்கா மட்டும் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார். அரை மணி நேரம். துணி மடிப்பார், டீ குடிப்பார், அப்பாவைப் பற்றி அவள் பேசினால் கேட்பார். தேற்ற மாட்டார். அவர் வந்து போனதால் துக்கம் குறையவில்லை. ஆனால் அது இருந்த இடத்தில் இருந்தது, அவளைத் தூக்கி வெளியே எறியவில்லை.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'கஷ்டத்தை நீக்க வேண்டாம், சீராக வைத்தால் போதும்' என்பது கல்நெஞ்சுக்காரர்களுக்கு ரொம்ப வசதியான தத்துவம். அடிக்கிற புருஷனோடு இருக்கிற பெண்ணிடம் "பொறுத்துக்கோம்மா" என்று சொல்கிறவரும் இதையேதான் சொல்கிறார்.

இங்கே இருக்கிற நிறையத் தமிழ் வீடுகளில் ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். மல்லிகையும் இருக்கலாம். செப்டம்பர் குளிரத் தொடங்கியதும் அதை உள்ளே தூக்கி வந்துவிடுவார்கள். வெளியே வைத்து ஆறு அங்குலம் வைக்கோல் போட்டாலும் மின்னசோட்டா ஜனவரியில் அது பிழைக்காது. குளிர் அதன் வாழ்க்கையில் ஒரு பருவமே இல்லை. ஆக, மூடாக்கு போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் குளிர் இந்த உயிருக்கு உரியதா? அப்பாவை இழந்த துக்கம் ஒரு மகளுக்கு உரியது. அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. அடி, பசி, அவமானம் எந்த மனுஷனுக்கும் உரிய பருவம் இல்லை. அங்கே போர்வையைத் தேடிக்கொண்டிருக்காமல் கதவைத் திறந்து உள்ளே கூட்டி வர வேண்டும். இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான கொடுமைகள் நடக்கின்றன என்று நினைக்கிறேன். துக்கத்தில் இருப்பவரை அவசரமாகத் தேற்றுகிறோம், அடி வாங்குகிறவரைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறோம்.

இன்னொரு வகை அக்கறையும் உண்டு. இங்கே தெருவுக்குத் தெரு மரத்தடியில் மரத்தூளை எரிமலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். உள்ளே ஈரம் தங்கி, அடிமரத்துப் பட்டை அழுகும். வேர்கள் அந்தக் குவியலுக்குள் ஏறி மரத்தையே சுற்றி இறுக்கும். அந்த மூடாக்கு மரத்துக்காகப் போட்டதில்லை, பார்க்கிறவர்களுக்காகப் போட்டது.

போட்டதை எடுக்கவும் வேண்டும். ஏப்ரலில் வைக்கோலை ஓரமாக விலக்கிப் பார்ப்பார்கள். இளந்தளிர் தெரிந்தால் எடுக்க வேண்டிய நேரம்; வெளிச்சமில்லாமல் அது வெளிறியிருந்தால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். எடுத்ததைத் தூரப் போட மாட்டார்கள். வரிசைகளுக்கு நடுவில் தள்ளி வைப்பார்கள். பின்பனி வரும் ராத்திரியில் இழுத்து மூடிக்கொள்ளலாம்.

எப்போது எடுப்பது என்று நாட்காட்டி சொல்லாது, விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்த அக்கா எட்டு மாசம் போனார். ஒரு திங்கட்கிழமை தோழியே அவருக்குப் போன் பண்ணினாள்: "அக்கா, நாளைக்கு நீங்க வர வேண்டாம். நான் உங்க வீட்டுக்கு வர்றேன்."